பவுன் சொன்னதில் பாதி

பவுனுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். குழாயடியில் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிற பவுனைத் தாபோடியில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால்தான் அவள் புருஷன் முனிரத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். அந்த வருஷம் ஜனவரியில் அவர் நிறைய நாள் வெளியே கிளம்பினார்.

அவளுடைய அப்பா குடியாத்தத்திலிருந்து வந்து கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். பவுன் பிறந்தது, முனிசிபாலிட்டி மராத்திப் பள்ளியில் ஏழாவது வரை படித்தது, முனிரத்தினத்துக்கு வாழ்க்கைப்பட்டது எல்லாம் தாபோடி ஆற்றுப் பாலத்தைச் சுற்றித்தான். முனிரத்தினத்துக்கு ராணுவ என்ஜினீயரிங் காலேஜ் மெஸ்ஸில் வேலை. ஒரே பையன் கல்யாணம் முடித்துச் சாக்கனில் தனியாக இருக்கிறான். பவுனுக்குத் தமிழ் பேச வரும். படிப்பது என்றால் எழுத்துக் கூட்டவேண்டும்.

முப்பது வயதில் அவள் கட்கி பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனாள். தாம்லே என்று ஒரு அம்மா. எதையும் உட்கார்ந்து சொல்லித்தருகிற ஆள் இல்லை. எரிந்து விழுகிற ஆள். ஆனால் ஒரே மாதிரி தப்புக்கு ஒரே மாதிரி வசவைப் பதினொரு வருஷம் காதில் வாங்கிக்கொண்டு, ஊசி போடும்போது குழந்தையின் கையையும் காலையும் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு வைத்தியத்தில் பாதி தானாகவே வந்துவிடும். பேதிக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்கவேண்டும், அரை டம்ளரில் கரைத்தால் இருக்கிற தண்ணீரையும் உடம்பு இழந்துவிடும். காய்ச்சல் குழந்தையைக் கம்பளியில் சுற்றக்கூடாது. பால் குடிக்கிற குழந்தையின் கண்ணில் மை தீட்டக்கூடாது. கிளினிக்குக்கு வருகிற மராத்திப் பெண்கள் அவளை மாவ்ஷி, சித்தி என்று கூப்பிடுவார்கள். டாக்டர் உள்ளே சொன்னதை வெளியே வந்து மாவ்ஷியிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு போவார்கள்.

அந்தப் பதினொரு வருஷத்தில் கற்பூர எண்ணெய் தடவி வலிப்பு வந்த இரண்டு கைக்குழந்தைகளை அவள் பார்த்திருக்கிறாள். ஒன்று நாலு நாள் கழித்து வீட்டுக்குப் போனது. இன்னொன்றைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது பவுன்தான். அது வீட்டுக்குப் போகவில்லை.

கொரோனா வருஷத்தில் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகளோடு போய்விட்டார். பவுன் சமையல் வேலைக்கு மாறினாள். அப்படித்தான் சாங்வியில் ஐந்தாவது மாடியில் இருந்த தேஜஸ்வினியின் வீட்டுக்கு வந்தாள்.

தேஜஸ்வினி கோயமுத்தூர்க்காரி. அவளும் அவள் புருஷன் ஸ்ரீவத்சனும் ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்தார்கள். ஆறு வயதில் ஒரு பெண், அகல்யா. தமிழ் பேசுகிற சமையல்காரி கிடைத்துவிட்டாள் என்று தேஜஸ்வினிக்குத் தலைகால் புரியவில்லை. பவுனுக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது. பணக்காரத் திமிர் கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்பாள்.

கேட்க நிறையவே இருந்தது. அகல்யா காய் தின்னமாட்டாள். தட்டோடு அவள் பின்னால் வீடு முழுக்கச் சுற்றுவார்கள். பவுன் தட்டை வாங்கி மேடையில் வைத்தாள். ஒரு கூடை பட்டாணியைக் குழந்தையின் முன்னால் கொட்டி, உரித்துக்கொடு, எனக்கு நேரமாகிறது என்று சொன்னாள். உரித்ததில் பாதி அகல்யாவின் வாய்க்குள் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் குழந்தைக்கு ஊட்டவில்லை. துவரம்பருப்பை முதல்நாள் ராத்திரியே ஊறப்போட்டு, இரண்டு விசிலில் அடுப்பை அணைத்துவிடச் சொன்னாள். மீதியை ஆவி பார்த்துக்கொள்ளும், சிலிண்டர் பத்து நாள் கூட வரும். குளிர்காலத்தில் வெந்தயக்கீரை கொட்டிக்கிடக்கும்போது வாங்கி நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டாள். பள்ளிக்கூடத்துப் பாவாடையை ஒரு ஜாண் மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னாள்.

தேஜஸ்வினி இதையெல்லாம் போனில் படம் பிடிக்க ஆரம்பித்தாள். முதலில் தனக்காக என்றாள். பிறகு தோழிகள் கேட்கிறார்கள் என்றாள். பிறகு ஒருநாள், அக்கா, இதை யூட்யூபில் போட்டிருக்கிறேன், நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டினாள். பவுனுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை அவள் பின்னால் மறைக்கவில்லை. வீடியோவில் முகம் இருக்காது. பவுனின் இரண்டு கைகள் மட்டும் இருக்கும். வலது மணிக்கட்டில் சின்ன வயதில் குத்திய பச்சைத் தேள், இடது கையில் குக்கர் சுட்ட தழும்பு. பேச்சு தேஜஸ்வினியுடையது. பொள்ளாச்சிப் பக்கம் எங்க அம்மிச்சி இப்படித்தான் செய்வாங்க என்று தொடங்கும்.

யார் அந்த அம்மிச்சி என்று பவுன் ஒருநாள் கேட்டாள். தேஜஸ்வினி சிரித்துவிட்டாள். அவளுடைய அம்மாவைப் பெற்றவள் பீளமேட்டில் பேங்க் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள், சுடுதண்ணீர் வைக்கவும் ஆள் வைத்திருந்தவள். கிராமத்துப் பாட்டி சொன்னால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள், கிளினிக் ஆயா சொன்னால் யார் பார்ப்பார்கள் என்று அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். பவுனும் அப்போது சிரித்துக்கொண்டாள்.

டிசம்பரில் அகல்யாவுக்குச் சளி பிடித்தது. கற்பூரத் தைலம் செய்து காட்டச்சொல்லி நிறைய பேர் கேட்கிறார்கள், ஒரே ஒரு தடவை என்று தேஜஸ்வினி கெஞ்சினாள். அதெல்லாம் வேண்டாம், வெந்நீர் ஆவி போதும் என்று பவுன் தட்டிக்கழித்தாள். மூன்று நாள் தட்டிக்கழித்தாள். நாலாம் நாள் செய்தாள். தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, ஒரு சிட்டிகை கற்பூரம் போட்டு, ஆறவைத்து, அகல்யாவின் முதுகில் கொஞ்சம் தடவினாள். தடவிவிட்டு நேராகப் போனைப் பார்த்துச் சொன்னாள்:

"ரெண்டு வயசுக்குக் கீழ கீற கொழந்தைக்கு இத்த கிட்டவே எடுத்துனு போவக்கூடாது. பிட்ஸ் வந்துரும்."

தேஜஸ்வினி தலையாட்டினாள். அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது.

ஜனவரியில் சங்கராந்தி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். பவுனின் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி வைஷு குடியிருந்தாள். வைஷு, கோர்படி ரயில்வே காலனியில் இருக்கும் பவுனின் தங்கை வேதநாயகியின் மகள். வயது இருபத்திரண்டு. புருஷனுக்கு போசரியில் லேத் பட்டறையில் ஷிப்ட் வேலை. மாமியார் ரமா கூடவே இருந்தாள். சோனு என்று எல்லோரும் கூப்பிடுகிற ஐந்து மாதக் கைக்குழந்தை. அந்த ரமாதான் செருப்புப் போடாமல் ஓடிவந்து, குழந்தைக்கு என்னவோ ஆகிறது என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பவுன் போனபோது வைஷு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்தாள். குழந்தை கட்டிலில் விறைத்துக் கிடந்தது. கண் மேலே செருகியிருந்தது, ஒரு பக்கத்துக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கதவைத் தாண்டும்போதே பவுனுக்கு வாசனை மூக்கில் ஏறிவிட்டது. குல்லா, ஸ்வெட்டர், கம்பளி, அதற்குள்ளிருந்து கோயில் பிராகாரம் மாதிரி வாசனை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். துணியெல்லாம் உருவி எறிந்தாள். ஈரத்துணியால் நெஞ்சு, முதுகு, மூக்கடி எல்லாம் துடைத்தாள். வைஷுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து முதலில் கண்ணில் பட்ட ஆட்டோவில் ஏறினாள். இரண்டாம் தடவையாக ஒரு குழந்தை அவள் மடியில் அப்படிக் கிடந்தது. ஆட்டோக்காரனிடம் அவள் மராத்தியில் மிக மெதுவாகப் பேசினாள். அவன் சிக்னலில் எங்கேயும் நிற்கவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, அரைமணியில் வலிப்பை நிறுத்தினார்கள். மூன்று நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். அங்கே இருந்த டாக்டர் பையனுக்கு வயது முப்பதுக்குள். குழந்தையின் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த வாசனையை முகர்ந்து பார்த்துவிட்டு அவன் வைஷுவை இந்தியில் விளாசினான். போனைப் பார்த்துப் பிள்ளை வளர்க்கிறீர்களா, படித்த பெண்தானே நீ, அறிவு வேண்டாமா என்றெல்லாம் வராண்டா முழுக்கக் கேட்கும்படி சொன்னான். ரமா அவன் விட்ட இடத்திலிருந்து தமிழில் பிடித்துக்கொண்டாள். என் பேரனைக் கொல்லப் பார்த்தாள் என்றாள். வைஷு சுவரைப் பார்த்து நின்றாள்.

பவுனுக்கு டாக்டர் மேல் கோபம் வந்தது. அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்பதால் கோபம் இன்னும் கூடியது. அவனிடம் போய், இந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆனது இதே ஆஸ்பத்திரியில்தான், வீட்டுக்கு அனுப்பும்போது இதைத் தடவாதே, இதைக் கொடுக்காதே என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னீர்களா, வந்த பிறகு திட்ட மட்டும் நேரம் இருக்கிறதா என்று கேட்டாள். அவன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான். பக்கத்தில் நின்ற நர்ஸ் மட்டும் பவுனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

மத்தியானம் ரமா டீ குடிக்கப் போனபோது பவுன் வைஷுவை உட்காரவைத்துக் கேட்டாள். எவ்வளவு தடவினாய், எத்தனை தடவை, யார் சொன்னார்கள்.

வைஷுவுக்குத் தமிழ் பாதிதான் வரும். "ரெண்டு தடவை. காலைல நாலு மணிக்கு, மறுபடி எட்டு மணிக்கு. அவனுக்கு சாஸ்... மூச்சு எடுக்கவே முடியல பெரிம்மா, மூக்கு பந்த்." பிறகு போனை எடுத்து நீட்டினாள். "இதுல பார்த்தேன். இது உன் ஹாத் தானே. அந்தத் தேள் எனக்குத் தெரியாதா. நீ பண்றேன்னா சரியாத்தான் இருக்கும்னு நான் யார்கிட்டயும் கேக்கல."

பவுன் அந்த வீடியோவை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். ஐம்பத்தெட்டு செகண்டு. எண்ணெய் சூடாகிறது. கற்பூரம் விழுகிறது. பச்சைத் தேள் தெரிகிற கை ஒரு குழந்தையின் முதுகில் தடவுகிறது. குட்டீஸ்க்குச் சளி பிடிச்சா மருந்தே வேண்டாங்க, எங்க அம்மிச்சி எல்லாத்துக்கும் இதைத்தாங்க தடவுவாங்க என்று தேஜஸ்வினியின் குரல் சொல்கிறது. பாட்டு வருகிறது. முடிந்துவிட்டது. பவுன் போனைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இல்லை. இன்னொரு தடவை போடச்சொன்னாள். மூன்றாம் தடவையும் போடச்சொன்னாள். லட்சத்து எண்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று வைஷு எண்ணைப் படித்துச் சொன்னாள்.

வேண்டாம் வேண்டாம் என்று மூன்று நாள் சொல்லிவிட்டு நாலாம் நாள் செய்த தன் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று பவுனுக்கு இருந்தது. அந்தக் கோபம் கடைசிவரை அவளுக்குள் ஒரு ஓரமாக இருந்துகொண்டே இருந்தது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்க அவளுக்கு மனசில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் சாங்விக்குப் போனாள். தேஜஸ்வினி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தாள். பவுன் சமையலறைக்குள் போகவில்லை. ஹாலில், அதுவரை ஒருநாளும் உட்காராத சோபாவில் உட்கார்ந்து காத்திருந்தாள். மீட்டிங் முடிந்து வந்தவளிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குழந்தை எப்படி இருக்கிறது என்றுதான் தேஜஸ்வினி முதலில் கேட்டாள். அதைப் பவுன் பின்னால் எல்லோரிடமும் சொல்வாள், மறைக்கமாட்டாள்.

"நான் சொன்னத ஏம்மா எடுத்துட்டீங்க?"

"ஒரு நிமிஷத்துக்குள்ள இருக்கணுங்க்கா. அதுக்கு மேல போனா யாரும் பாக்கமாட்டாங்க. கீழ டிஸ்கிரிப்ஷன்ல டாக்டரைக் கேட்டுக்கோங்கன்னு போட்டிருக்கேன்."

"கீழ தமிழ்ல எழுதினது வைஷுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கும் எழுத்துக் கூட்டணும்." பவுனின் குரல் இன்னும் இறங்கியது. "நான் இப்ப அத்த சொல்றன். எத்தினி செகண்டு ஆவுதுன்னு போன்ல பாருங்க."

தேஜஸ்வினி பார்க்கவில்லை. பவுன் சொன்னாள். டிசம்பரில் சொன்ன அதே வாக்கியம். சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். "நாலு செகண்டு இருக்குமா? அந்த நாலு செகண்டுல பாட்டு போட்டுக்கிறீங்க."

தேஜஸ்வினி அழுதாள். அங்கேயே போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தாள். முடிந்துவிட்டது அக்கா, பாருங்கள், எடுத்துவிட்டேன் என்று காட்டினாள். பவுனுக்கு அதுதான் ஆறவில்லை. எடுத்தால் முடிந்துவிடுமா? பார்த்தவர்கள் மண்டையில் இருக்கிறதே, அதை யார் எடுப்பது? வாட்ஸப்பில் அனுப்பிவைத்தது எத்தனை இருக்கும்? உங்கள் முகத்தைக் காட்டி, கைக்குழந்தைக்குத் தடவக்கூடாது, நான் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள் என்றாள்.

அதற்குத்தான் தேஜஸ்வினி அசையவில்லை. சொன்னால் கமெண்டில் கிழித்துவிடுவார்கள் என்றாள். குழந்தைகளுக்கு எண்ணெய், சோப்பு விற்கிற ஒரு கம்பெனி அவளோடு பேசிக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் முடியாது என்று பாதி சொல்லி நிறுத்தினாள். உள்ளேயிருந்து ஸ்ரீவத்சன் வந்தான். பெண்டாட்டியிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினான். பவுனிடம் திரும்பி, ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவானாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இதைப் பெரிதாக்கவேண்டாம் என்று மரியாதையாகத்தான் சொன்னான். அரசாங்க ஆஸ்பத்திரியில் என்ன செலவு என்று பவுன் திருப்பிக் கேட்டாள்.

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அகல்யா தேடுவாள் என்று தேஜஸ்வினி சொன்னாள். தேடட்டும் என்று பவுன் சொன்னாள். லிப்டில் இறங்கும்போது அந்த வார்த்தை அவளுக்கே கசந்தது. குழந்தை என்ன செய்தது?

வீட்டில் முனிரத்தினம் விட்டுவிடச் சொன்னார். பிழைத்துவிட்டது, சாமி காப்பாற்றியது, வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாயே, அவர்களோடு மோதி நாம் என்ன செய்யமுடியும் என்றார். பவுன் மெதுவாக ஏதோ பதில் சொன்னாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

புதன்கிழமை சோனு வீட்டுக்கு வந்தான். பால் குடித்தான், சிரித்தான். ஆனால் அந்த வீட்டில் வேறு ஒன்று தொடங்கியிருந்தது. ரமா குழந்தையை வைஷுவின் கையில் கொடுப்பதில்லை. பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் கொண்டுவந்து மடியில் வைப்பாள், முடிந்ததும் எடுத்துக்கொண்டுபோய்விடுவாள். குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவளே. வைஷு தன் வீட்டிலேயே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவள் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன்காரன் தாயையும் கேட்கவில்லை, பெண்டாட்டியையும் கேட்கவில்லை.

பவுன் போய் ரமாவின் எதிரே உட்கார்ந்தாள். "புள்ளய அவகிட்ட குடு ரமா."

"குடுத்துத்தான ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

"போன வருசம் உன் மவளோட புள்ளைக்கு நீ கண்ணுக்கு மை தீட்டி, கண்ணு வீங்கிப்போயி எங்கிட்டதான் தூக்கினு வந்த. நான் யார்கிட்டயாவது சொன்னனா? உங்கையில இருந்து புள்ளயப் புடுங்கினனா?" ரமா குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், பவுன் விடவில்லை. "வையணும்னா என்னிய வையி. அது என் கை. நான் காட்டினதத்தான் அவ செஞ்சா."

ரமா உடனே குழந்தையைக் கொடுத்துவிடவில்லை. முறைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அரிசி களையும்போது, பையன் அழுகிறான், காது கேட்கவில்லையா என்று வைஷுவைப் பார்த்துக் கத்தினாள். வைஷு போய்த் தூக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அது சரியானது.

அந்த வாரமே பவுன் வைஷுவின் போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். இந்தத் தடவை முகம் தெரியவேண்டும் என்றாள். தலையை வாரிக்கொண்டாள், வேறொன்றும் செய்யவில்லை. என் பேர் பவுன், பதினொரு வருஷம் குழந்தை டாக்டரிடம் வேலை பார்த்தேன் என்று தொடங்கி, அந்த வீடியோவில் இருந்தது என் கை, நான் சொன்னதில் பாதியை வெட்டிவிட்டார்கள், இதனால் என் தங்கை பேரனுக்கு வலிப்பு வந்தது என்று தமிழில் சொன்னாள். அதையே இந்தியில் சொன்னாள், மராத்தியில் சொன்னாள். தேஜஸ்வினியின் பேரைச் சொல்லவில்லை. சொல்லு பெரிம்மா, பேரைச் சொல்லு என்று வைஷு பின்னாலிருந்து தூண்டினாள். அந்த வீட்டில் ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்று பவுன் மறுத்துவிட்டாள்.

பத்து நாளில் அதை அறுபத்தொரு பேர் பார்த்தார்கள். பாதிப்பேர் சொந்தக்காரர்கள். லட்சத்து எண்பதாயிரத்துக்கு அறுபத்தொன்று. அந்த இரண்டு எண்களையும் பவுன் யாரிடம் பேசினாலும் சொன்னாள். கட்கி கோயில் வாட்ஸப் குரூப்பில் போடச்சொல்லிக் கேட்டாள். அங்கே பக்தி விஷயம் மட்டும்தான் போடலாம் என்று கமிட்டிக்காரர் சொன்னார். போன மாதம் சர்க்கரைக்குக் கொய்யா இலைக் கஷாயம் போட்டிருந்தீர்களே, அது எந்தச் சாமிக்கு நைவேத்தியம் என்று கேட்டுவிட்டு வந்தாள். மறுநாள் அவரே எடுத்துப் போட்டார்.

இதற்கு நடுவில் தேஜஸ்வினி ஒன்று செய்தாள். சில பேர் நம் குறிப்புகளைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், எதையும் யோசித்துச் செய்யுங்கள் என்று இரண்டு வரி எழுதிப் போட்டாள். வைஷு அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னபோது பவுன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். தவறாகப் பயன்படுத்தினது வைஷுவாம். அவள் வீடியோவில் இருந்ததை அப்படியே செய்தாள். இருந்ததைத்தான் செய்தாள்.

போனில் சொன்னால் அறுபத்தொரு பேர் என்றால் நேரில் சொல்கிறேன் என்று பவுன் முடிவு பண்ணினாள். வியாழக்கிழமை தோறும் முனிசிபாலிட்டி தவாக்கானா என்கிற சின்ன ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவார்கள். ஐம்பது அறுபது தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள். பவுன் அந்த வரிசையில் முதலிலிருந்து கடைசிவரை நடந்தாள். ஒவ்வொருத்தியிடமும் அவள் பாஷையில் கேட்டாள். குழந்தைக்கு என்ன தடவுகிறாய், என்ன கொடுக்கிறாய்? சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி, நீ யார் கேட்க என்றாள். இரண்டாவது வாரம் அங்கிருந்த பொறுப்பாளர், அனுமதிக் கடிதம் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்றார். பவுன் கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களிடம் சொன்னாள். மூன்றாவது வாரம், ஆஸ்பத்திரியில் அவளை ஏற இறங்கப் பார்த்த நர்ஸ் அன்றைக்கு அங்கே ஊசி போட வந்திருந்தாள். அவள் பொறுப்பாளரிடம் என்ன பேசினாளோ, பவுனை உள்ளே விட்டார்கள். கடிதத்தைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

பவுனுக்கு வேறு வீட்டில் வேலை கிடைத்தது. வியாழக்கிழமை வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிச் சேர்ந்தாள்.

ஏப்ரல் கடைசியில் தேஜஸ்வினி போன் செய்தாள். ஓசூரிலிருந்து ஒரு பெண் கமெண்டில் எழுதியிருக்கிறாளாம். உங்கள் கற்பூரத் தைலம் வீடியோவைப் பிரசவத்துக்கு முன்பே பார்த்துவைத்திருந்தேன், அதைக் காணவில்லை, என் மூணு மாதக் குழந்தைக்குத் தினமும் தடவிக்கொண்டிருந்தேன், இப்போது அடிக்கடி உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது, அளவு கூடிவிட்டதா, சரியான அளவைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாளாம். தேஜஸ்வினி அவள் நம்பரைத் தேடிப்பிடித்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச்சொல்லி, அவள் போய்ச்சேருகிறவரை லைனிலேயே இருந்தாளாம். குழந்தை எப்படி என்று பவுன் கேட்டாள். பிழைத்துவிட்டது என்றாள்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்கக்கா."

"சொன்னன்," என்றாள் பவுன்.

மறுநாள் தேஜஸ்வினி தன் முகத்தைக் காட்டி வீடியோ போட்டாள். பாட்டு இல்லை. பொள்ளாச்சியில் எனக்கு எந்த அம்மிச்சியும் இல்லை, இதெல்லாம் எங்கள் வீட்டில் வேலை செய்த பவுன் அக்கா குழந்தை கிளினிக்கில் கற்றுக்கொண்டு எனக்குச் சொன்னது, கைக்குழந்தைக்கு ஆகாது என்று அவர் தெளிவாகச் சொன்னார், நான்தான் வெட்டினேன் என்றாள். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் அதற்கப்புறம் அவளிடம் பேசவில்லை என்று கேள்வி. கமெண்டில் அவள் பயந்தது போலவே கிழித்தார்கள்.

வைஷு அதைப் போட்டுக்காட்டியபோது பவுன் கடைசிவரை பார்த்தாள். இப்போது கோபம் போய்விட்டதா என்று வைஷு கேட்டாள்.

"போவல," என்றாள் பவுன். அந்தப் பெண் சொன்னது நல்லதுதான், பயப்படாமல் சொல்லிவிட்டாள், அதை ஒத்துக்கொள்கிறேன் என்றாள். ஆனால் மூன்று மாதம் ஆயிற்றே. அந்த ஓசூர்க் குழந்தை நான் சொன்ன அன்றைக்குப் பிறந்தே இருக்காதே. அன்றைக்கே சொல்லியிருந்தால் அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி? பழைய வீடியோவை வேறு யாரோ எடுத்து, மேலே மராத்தி எழுத்தை ஒட்டி, வேறு பேரில் ஓடவிட்டிருந்தார்கள். வைஷு அதையும் கண்டுபிடித்திருந்தாள். தேஜஸ்வினி எழுதிக் கேட்டும் அவர்கள் எடுக்கவில்லை. சமையலுக்குத் திரும்ப வருகிறீர்களா என்று தேஜஸ்வினி இன்னொரு நாள் கேட்டாள். பவுன் மாட்டேன் என்றாள். ஆனால் சனிக்கிழமைகளில் அகல்யாவைத் தாபோடிக்குக் கூட்டிவந்து விட்டால் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அகல்யா வந்து ரமாவோடு உட்கார்ந்து சோனுவைத் தவழவிட்டு விளையாடிவிட்டுப் போகிறாள்.

மே மாதம் சோனுவுக்கு ஒன்பதாம் மாத ஊசி. வைஷு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். நல்ல வெயில். பவுன் வழக்கம்போல முன்னாலிருந்து ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். வைஷுவுக்கு முன்னால் நின்ற பெண் கையில் ஒரு மாதக் குழந்தை. குழந்தையின் நெற்றியிலும் மார்பிலும் எண்ணெய் மினுமினுத்தது. பவுன் கேட்டதற்கு அவள் இந்தியில் வெடுக்கென்று, என் குழந்தைக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும், நான் வீடியோவில் பார்த்துத்தான் செய்கிறேன் என்றாள்.

பவுன் பேச வாயெடுப்பதற்குள் வைஷு அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள். நாலு மாதமாக யார் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டிருந்தவள். நானும் வீடியோவில் பார்த்துத்தான் தடவினேன் என்று இந்தியில் ஆரம்பித்தாள். காலை நாலு மணி, எட்டு மணி, குழந்தை விறைத்தது, ஆட்டோவில் போனது, டாக்டர் திட்டியது, எல்லாவற்றையும் சொன்னாள். பின்னால் நின்ற இரண்டு பேரும் கிட்டே வந்து கேட்டார்கள். அந்தப் பெண் முந்தானையால் குழந்தையின் மார்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பவுன் அங்கே நிற்கவில்லை. வரிசை இன்னும் நீளமாக இருந்தது. அடுத்தவளிடம் போனாள்.